லென்னின் வாய் முகூர்த்தம்

இந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் குளிர் அடிக்கிறது சாமி. கோயில் ஹீட்டரை யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்கமாட்டேன். மில்வாக்கியில் ஹீட்டர் பழுது பார்ப்பவன் நான் ஒருவன் மட்டும் இல்லையே. நவம்பர் பிறந்தால் எல்லா வீட்டு ஹீட்டரும் ஒன்றாக இருமத் தொடங்கிவிடும். எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தாய் என்று கேட்டால், நினைவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

குரலை வைத்தே நான் லென் என்று தெரிந்துகொண்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் பெவ்வின் மதுக்கடையில் ஒரே மேசையில் மீன் வறுவல் சாப்பிடுகிறவர்களுக்குள் திரை எதற்கு என்று தோன்றலாம். இருக்கட்டும். நான் சொல்வதைக் கேட்கும்போது உங்கள் முகம் எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. நான் செய்தது சின்ன வேலை. சரியாகச் சொன்னால், செய்யாமல் விட்ட வேலை.

போன குளிர்காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பந்தும் மட்டையும் இல்லாத மாதங்களில் நம் ஆட்கள் வாயால் பேஸ்பால் ஆடுகிற பருவத்துக்கு 'சூடான அடுப்பு' என்று பெயர் வைத்தவன் யாரோ, அவனுக்குப் புண்ணியமாகப் போகட்டும். மார்லன் க்வெஸ்டாவுக்குப் பழைய அணியோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எந்த அணியிலும் சேரலாம் என்று கையை வீசிக்கொண்டு நின்றான். அவன் அடித்தால் பந்து அரங்கத்தைத் தாண்டி வண்டி நிறுத்துமிடத்தில் விழும். ஒன்று நம் அணி, இல்லையென்றால் சான் டியாகோ என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு பெவ் கடையில் யாரும் வேறு எதையும் பேசவில்லை.

எத்தனை துப்பறிவாளர்கள் நம் ஊரில். க்வெஸ்டாவின் மனைவி விஸ்கான்சின் பாலாடைக்கட்டிக் கடை ஒன்றின் படத்துக்கு இணையத்தில் இதயம் போட்டாளாம். அதை வைத்து ஒரு வாரம் ஓட்டினார்கள். யாரோ ஒரு பணக்காரரின் தனி விமானம் இங்கே இறங்கியது. அதிலிருந்து இறங்கியது ஒரு பல் மருத்துவர் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. க்வெஸ்டா முழங்கால் வரை நீளமான கோட்டு வாங்கியதைத் தன் மைத்துனி பார்த்ததாக பெவ் சொன்னபோது, கோட்டு வாங்குகிறவன் வெயிலடிக்கிற சான் டியாகோவுக்கா போவான் என்று எழுந்து நின்று கேட்டவர் நீங்கள்தான் சாமி. குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது.

என் வாயைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். சிலருக்குக் கரிநாக்கு, சொன்னால் பலித்துவிடும். என் நாக்கு அதற்கு நேர் எதிர். வருவான் என்று நான் சொன்ன ஆட்டக்காரன் எவனும் வந்ததில்லை. ஜெயிப்போம் என்று நான் சொன்ன ஆட்டம் எதையும் நாம் ஜெயித்ததில்லை. லென் கிழக்கு என்றால் மேற்கே போ என்று இந்த ஊரில் ஒரு பழமொழியே உண்டு. அதை உண்டாக்கியவன் என் மனைவி ஜோனின் அண்ணன் கஸ். என் கல்யாணத்தன்றே, 'இந்த ஜோடி நல்லா இருக்கும்னு மாப்பிள்ளை மட்டும் சொல்லிறாதீங்க' என்று சொன்ன மனிதன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கஸ்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"மாப்ள, ஒரு உதவி. க்வெஸ்டா சான் டியாகோவுக்குத்தான் போவான்னு உன் வாயால சொல்லிரு. அப்பதான் அவன் இங்க வருவான்."

கடையே கைதட்டியது. என்னை உயரமான முக்காலி ஒன்றில் ஏற்றி உட்காரவைத்தார்கள். பெவ் பிராந்தி ஊற்றித் தந்தாள். உள்ளுக்குள் நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? அவன் நம்மிடம்தான் வருவான் என்று நினைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. சொல்லு சொல்லு என்றார்கள். சொன்னேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்கள் மீசையில் இருந்த பீர் நுரை என் சட்டையில் தெறித்தது. "இனி கவலை இல்ல, ஒப்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்" என்று சொல்லி கஸ் என் முதுகில் தட்டினான். எனக்கு வலித்தது சாமி. முதுகில் அல்ல. ஒரு மனிதனின் வாயைத் தலைகீழாகப் பிடித்துப் பயன்படுத்துகிற ஊரில் எத்தனை நாள்தான் சிரித்துக்கொண்டே இருப்பது?

அடுத்த வியாழக்கிழமை, வீடு வாடகைக்கு விடும் மெரிடித் என்ற பெண் கூப்பிட்டாள். ஏரிக்கரையில் பெரிய வீடு. ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்கி ஊரைப் பார்க்க வருகிறது. ஹீட்டரை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். யார் என்று கேட்டேன். "பெரிய இடம், பேரைக் கேக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை. ஆனால் சமையலறை மேசையில் வரவேற்புக்கென்று பழக்கூடை வைத்து, அதன் மேல் குழந்தைக்கான சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். நம் அணியின் சட்டை. என் உள்ளங்கை இரண்டைச் சேர்த்த அளவுதான். முதுகில் 'க்வெஸ்டா' என்று தைத்திருந்தது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கடவுளே, வருகிறான் என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு கருவிப்பெட்டியோடு ஹீட்டர் இருக்கும் கீழறைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது. அவன் வந்தால், சான் டியாகோ என்று நான் சொன்னதும் பொய்யாகிவிடும். கஸ் சாகிற வரைக்கும் அதைச் சொல்லுவான். அவனுக்கு முன் நான் செத்தால், என் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று சொல்லுவான்.

ஹீட்டருக்குள் ஒரு மெல்லிய கம்பி உண்டு. தீ எரிகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அதில் கரி படிந்துவிட்டால் கண் தெரியாத காவல்காரனைப் போல ஆகிவிடும். தீ எரிந்துகொண்டிருந்தாலும் இல்லை என்று நினைத்து எரிவாயுவை நிறுத்திவிடும். ஆபத்து ஒன்றும் இல்லை, குளிரும், அவ்வளவுதான். அதைத் துடைப்பது வாடிக்கையான வேலை. அன்று நான் துடைக்கவில்லை.

நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. மறதி என்று எடுத்துக்கொள்ளலாமே என்று நினைக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் முழுதாகச் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் பிரசங்கம் செய்தீர்கள். அதனால் திருத்திச் சொல்கிறேன். அந்தக் கம்பி சுத்தமாகத்தான் இருந்தது. நான் வண்டிக்குப் போய் ஒரு மெழுகுதிரியை எடுத்துவந்து, அதைக் கொளுத்தி, கம்பி கறுக்கும் வரை புகை காட்டினேன். அது நீங்கள் மந்திரித்துக் கொடுத்த திரி சாமி, புயலில் வீட்டைக் காக்கும் என்று அதற்கு முந்தின பிப்ரவரியில் எல்லோருக்கும் கொடுத்தீர்களே, அதுதான். வண்டியில் வேறு திரி இல்லை. அவமரியாதை செய்யும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாசலில் துப்பினால் தரையில் விழும் முன் உறைந்துவிடும், அப்படிப்பட்ட குளிர். பெவ் மீன் தட்டை வைத்த நேரத்தில் என் கைபேசி அடித்தது. மெரிடித். ஹீட்டர் பற்றிக்கொள்கிறது, உடனே அணைகிறது, அம்மாக்காரி குழந்தையைக் கோட்டுக்குள் போட்டுச் சுருட்டி வைத்திருக்கிறாள், உடனே வாருங்கள் என்றாள். பின்னால் ஒரு குழந்தை அழுதது. நல்ல கனமான அழுகை. அப்பனின் பலம் அதன் மூச்சிலும் இருந்தது. என் வண்டி பனியில் மாட்டிக்கொண்டது என்றேன். வண்டி கடை வாசலில் நின்றது, நீங்கள் அதன் பக்கத்தில்தான் உங்கள் காரை நிறுத்தியிருந்தீர்கள். அப்படியானால் வேறு ஆளைச் சொல்லுங்கள் என்றாள். ஹாங்க் ட்ரெஸ்லரின் எண்ணைக் கொடுத்தேன். நல்ல வேலைக்காரன். அந்த வாரம் ஃப்ளோரிடாவில் மகள் வீட்டில் இருந்தான், அது எனக்குத் தெரியும்.

"யாரு லென்?" என்று கேட்டீர்கள். தவறான எண் என்றேன். குருவானவரிடம் சொன்ன பொய் என்பதால் அதைத் தனிப் பாவமாகவே கணக்கில் வையுங்கள். மீன் அன்று நன்றாக வெந்திருந்தது.

திங்கட்கிழமை க்வெஸ்டா சான் டியாகோவில் கையெழுத்துப் போட்டான். பேட்டியையும் நாம் சேர்ந்துதான் பார்த்தோம். மில்வாக்கி பிடித்திருந்தது, பேனாகூடக் கையில் எடுத்துவிட்டேன், ஆனால் அந்த வீட்டில் மகள் குளிரில் அழுத அழுகையை மனைவியால் மறக்க முடியவில்லை, ஊரே இப்படித்தான் போலிருக்கிறது என்று பயந்துவிட்டாள் என்றான். பெவ் தொலைக்காட்சியை அணைத்தாள். வளர்ந்த ஆண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். நான் அமைதியாகக் காத்திருந்தேன். யாராவது என் பக்கம் திரும்பி, லென், நீ சொன்னது பலித்துவிட்டதே என்று சொல்வார்கள் அல்லவா? என் ஆயுளில் முதல் முறை. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.

கஸ் திரும்பினான். "பாத்தீங்களா, இவன் வாய் கெட்டுப்போச்சு," என்றான். "தப்பாச் சொல்லத்தான இவன வச்சிருக்கோம்? அதக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல."

நான் மெதுவாகவே கேட்டேன், சொன்னது பலித்திருக்கிறதே என்று.

"எது, நீ சொன்னதா? நாங்க சொல்லவச்சதுடா அது. கிளி சீட்டு எடுத்தா கிளிக்கு சோசியம் தெரியும்னு அர்த்தமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு துக்கத்திலும் சிரித்தார்கள். நீங்கள் கொஞ்சம் குறைவாகச் சிரித்தீர்கள், அதை நான் மறக்கவில்லை.

அக்டோபரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்று. நாமும் சான் டியாகோவும். கடைசி ஆட்டத்தில் நாம் முன்னால் இருந்தோம். க்வெஸ்டா மட்டையோடு வந்தான். அந்தப் பந்து போன தூரம் உங்களுக்கும் தெரியும். அந்த ஒரே அடியில் நாம் தோற்றுப்போனோம். கஸ் காகிதத் துவாலையில் முகத்தைப் புதைத்து அழுதான். அவன் அம்மா அடக்கத்தில்கூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நீங்கள் ஜெபமாலையைத் தேடினீர்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து பெவ் என் தோளைத் தடவினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் சாமி. சிறு பிள்ளையிலிருந்து இந்த அணிக்காக வாழ்கிறவன், அந்த ஒரு பந்து பறந்தபோது அடைந்த சந்தோஷத்தைப் போல எதிலும் அடைந்ததில்லை. பறந்தது அவன் அடித்த பந்து. பறக்கவிட்டவன் நான்.

இதுதான் எல்லாம். இங்கே கேட்டதை நீங்கள் வெளியே சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கஸ்ஸிடமும் சொல்லக் கூடாதா? ஹீட்டரை விட்டுவிடுங்கள், பலித்தது என்பதை மட்டும்? சரி, வேண்டாம். கோபப்படாதீர்கள். திரை ஆடுகிறது.

உங்கள் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே சாமி. "செஞ்ச பாவத்துக்கு வருத்தம், மனஸ்தாபம் இருக்கா, லென்?" என்று கேட்கிறீர்கள். "அது இல்லாம நான் மன்னிப்புக் குடுக்க முடியாது."

இல்லாமலா சாமி. நிறைய மனஸ்தாபம் இருக்கிறது, எல்லாம் கஸ் மேல்தான். க்வெஸ்டா சான் டியாகோவுக்குத்தான் போவான் என்று நான் சரியாகக் கணித்தேன் என்று ஊரார் முன்னால் அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் அவனை மனதார மன்னித்துவிடுகிறேன்.