கரித்தூள் என்று நாம் சொன்ன சிவப்பு

சொற்சுருக்கமும் செயற்பெருக்கமும் கொண்ட தலைவர் சோமசுந்தரம் அவர்களே! ஷிப்ட் முடித்த களைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் குழந்தையும் மனத்தில் ஆயிரம் வேலையுமாகக் காத்திருக்கும் தாய்மார்களே! எனக்குப் போர்த்துவதற்காகப் பொன்னாடையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் வடிகால் ஒப்பந்ததாரர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம். ஒப்பந்ததாரர் அவர்களிடம் கடைசியில் வருகிறேன்.

இந்த நெய்வேலி எனக்கு என்ன? காலைச் சங்கு ஊதும். தூக்குச்சட்டியோடு என் தந்தை நிலக்கரிச் சுரங்கத்துக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார். நான் பெரியண்ணனைத் தேடி ஓடுவேன். அண்ணன் அல்ல, அவன் பெயரே அதுதான். வடலூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் என் பெஞ்சுக்காரன். மழை பெய்தால் எங்கள் பிளாக்கின் வடிகால்தான் எங்கள் ஆறு, எங்கள் கடல், எங்கள் பல்கலைக்கழகம்!

"டேய் டாக்டரு, கெளுத்தி வருது பாரு! முள்ளு குத்திக்கினு அப்புறம் அழுவாத!" என்பான். ஆறாம் வகுப்பிலேயே எனக்குப் பட்டம் கொடுத்தவன் அவன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். பிறகு நான் கால்நடை மருத்துவம் படித்தபோது, "மாட்டு டாக்டருக்கா இத்தனை பில்டப்பு?" என்று அவனும் இப்படித்தான் சிரித்தான்.

நான் சென்னையில் ஆய்வகத்துக்குள் போனேன். அவன் வெறுங்காலோடு அதே வடிகாலுக்குள் இறங்கினான், ஒப்பந்தத் தொழிலாளியாக.

என் ஆய்வு எலிக்காய்ச்சல். ஹாம்ஸ்டர் என்னும் உள்ளங்கை அளவு உயிருக்குள் அக்கிருமியைச் செலுத்துவோம். முதல் நாள், ஒன்றும் தெரியாது, ஓடும், உண்ணும். ஆனால் குருதியில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள், ஈரலில் இருக்கும், சிறுநீரகத்தில் இருக்கும். நான்காம் நாள், ரோமம் சிலிர்க்கும், எடை குறையும். ஐந்தாம் நாள், மஞ்சள் படரும். பிறகு நுரையீரலில் இரத்தம் கசியும். ஒரு வாரம் தாண்டினால் அதிசயம். இரண்டாம் நாளே மருந்து கொடுத்தவையோ பெரும்பாலும் பிழைத்தன!

அதே கிருமி எலிக்குள் போனால்? எலி இளைப்பதில்லை, இருமுவதில்லை, இறப்பதில்லை. சிறுநீரகத்தில் அதைக் குடிவைத்து, மாதக்கணக்கில் சிறுநீரோடு தண்ணீரில் கழித்துக்கொண்டு, கொழுகொழுவென்று திரிகிறது. நோயைப் பரப்பியும் நோகாமல் வாழ்வது எலி மட்டும்தானா?

சென்ற ஐப்பசி மழையில் பெரியண்ணன் செல்போனில் அழைத்தான்.

"டாக்டரு, ரெண்டு நாளா காய்ச்சல்டா. கண்ணு ரெண்டும் செவந்துக்கினு கெடக்குது. கெண்டக்காலத் தொட வுடல."

"கண்ணுல கரித்தூள் பட்டிருக்கும், கழுவு. காலா? நாளெல்லாம் நிக்கிறவன்தானே நீ?"

"எங்க வூட்லயும் அதத்தான் சொல்லுது. சரிடா, வையி."

வைத்துவிட்டேன்.

கண் சிவந்தால் கரித்தூள், கால் வலித்தால் ஷிப்ட்! இப்படிச் சொல்லித்தானே இந்த ஊரில் மூன்று தலைமுறை வளர்ந்தோம்? நூறு ஹாம்ஸ்டர்களை நாள் தவறாமல் கவனித்த நான், நண்பனிடம் "எந்தத் தண்ணீரில் நின்றாய்?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐந்தாம் நாள் மஞ்சள் படர்ந்தது. ஏழாம் நாள், இருமலில் இரத்தத்தோடு, மருத்துவமனையில் சேர்த்தார்கள். எட்டாம் நாள் பெரியண்ணன் இல்லை.

பின்வரிசையில் யாரோ, "விதிங்க" என்கிறீர்கள். இல்லை ஐயா. என் கண்ணெதிரே எத்தனையோ முறை நடந்தது விதியாகாது. அது அட்டவணை.

அவன் மனைவி செல்லக்கிளி, அதோ தூணருகே நிற்கிறார். பிழைப்புக்காக அவரும் அதே வடிகாலில் சேர்ந்திருக்கிறார். நேற்று அவர் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் கண்டேன். கிருமிக்கு அதுவே வாசல். "பூட்ஸ் கேட்டீங்களா?" என்றேன். "கேட்டங்க. மழை வரட்டும், பாக்கலாம்னாருங்க."

மழை அடுத்த வாரம் வருகிறது, ஒப்பந்ததாரர் அவர்களே! பொன்னாடையை மடித்து வையுங்கள். என் தோளுக்குக் குளிரவில்லை. இந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் வேலை செய்வோரின் கால் அளவுகள். செல்லக்கிளி, ஐந்து. வீரம்மாள், ஆறு. கலியமூர்த்தி, எட்டு. மற்றவர்களும் இதில் இருக்கிறார்கள். நாளை மறுநாள் காலை, முதல் ஆள் இறங்குமுன், நான் அந்த வடிகால் ஓரத்தில் நிற்பேன்.

தாய்மார்களே, காய்ச்சலோடு கண் சிவந்தால் கழுவிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எந்தத் தண்ணீரில் நின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பெரியண்ணனுக்கு ஒன்பது. எனக்கும் ஒன்பதுதான்; பள்ளி நாளில் ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போட்டோம். அவன் அளவை அதற்குப் பிறகு எவரும் கேட்கவில்லை.

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கு நன்றி. செல்லக்கிளி அவர்களுக்கு என் வணக்கம்.