கடைசியாக இணைத்த வீடு

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த மாலைப் பொழுதைத் தன் தலைமையால் தாங்கிக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய ஹமீட் ஹாஜியார் அவர்களே! தொழுகையிலும் துயரத்திலும் எங்களுக்கு முன்னால் நிற்கும் பள்ளிவாசல் பெரியவர்களே! கடலோடு கதைத்துக் கரையோடு வாழும் மீனவர் சங்கத்துச் சகோதரர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் ஏந்திக்கொண்டு, வலப்பக்கப் பந்தலில் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! எத்தாளையிலிருந்தும் கரைத்தீவிலிருந்தும் வந்திருக்கும் விருந்தினர்களே! என்னிடம் வாய்ப்பாடு படித்து, இன்று என்னைவிட வேகமாகக் கணக்குப் பார்க்கும் என் பழைய மாணவர்களே!

உங்கள் எல்லோருக்கும் முன்னால் நான் வெட்கத்தோடு நிற்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "புதிய அலை, புதிய வாழ்வு". தெருவுக்கு இரண்டாம் முறையாக இழுத்திருக்கும் புதிய வயரை இன்று திறந்து வைக்கிறோம், அதன் பெருமையைப் பேசுங்கள் என்றார்கள். பேசுகிறேன். ஆனால் பெருமை பேச வாய் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய அலையைச் சொல்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் தென்னை; இதுதான் நமது ஊர். அந்தத் தென்னைகளைத் தாண்டி நமது கூரைகளுக்கு வந்த தொலைக்காட்சி என்ன தொலைக்காட்சி? வருடம் முழுக்கத் திரையில் மழை! கிரிக்கெட் பார்த்தால் பந்து எது, புள்ளி எது என்று தெரியாது. ஆறு அடித்துவிட்டான் என்று கைதட்டுவோம். அவன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருப்பான். சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அழுதோம்!

பிறகு பிராந்தியக் கோபுரத்திலிருந்து பரீட்சார்த்தமாக டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தது. தாழ்ந்த கூரையில் அன்டெனா வைத்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. நமது மீனவர் சங்கம், மீனுக்கு ஐஸ் வைக்கும் கட்டடத்துக்கு மேலே உயரமான கம்பம் நட்டது. அதிலிருந்து தெரு நீளத்துக்கு ஒரே வயர். அந்த வயரிலிருந்து வீட்டுக்கு ஓர் இணைப்பு. ஒரு வீடு, ஓர் இணைப்பு. அதுதான் நாம் கூடி எடுத்த முடிவு. ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது அல்லவா? பின்னால் பலாமரத்தடியில் இருப்பவர்கள் தலையாட்டவில்லை. சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

படம் வந்தது. கண்ணாடியைத் துடைத்து வைத்தது போல் வந்தது. செய்தி வாசிப்பவரின் சட்டைப் பொத்தானில் எத்தனை துளை என்று எண்ணலாம் போல் வந்தது.

அந்தத் தெளிவில் நமக்குப் பொத்தான் தெரிந்தது. ஒருத்திக்கு விரல் தெரிந்தது.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஹஃபீலா. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த குடும்பத்தில் அவர் ஒரு சின்னப் பிள்ளை. கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர். கணவர் மௌத்தாகித் தனித்துப்போன பிறகு, ஒரு தையல் மெசினோடும் ஒரே மகள் றிஷ்னாவோடும் இங்கே வந்தவர். பெருநாள் சட்டை தைக்க நாம் எல்லோரும் போவது அவரிடம்தான். ஆனாலும் அந்த வீட்டுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? "அகதி வீடு." முப்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணின் உப்பைத் தின்ற பிறகும் அகதி வீடு!

றிஷ்னா வாலிப வயதுப் பெண். பிறவியிலேயே செவி கேட்காது. விடுதியோடு கூடிய பாடசாலையில் சைகை மொழி கற்றவள். கெட்டிக்காரி. ஊரில் எல்லோருக்கும் கையால் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். என் பெயர் என்ன தெரியுமா? மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவது. பாருங்கள், இப்போதும் தள்ளிவிட்டேன்.

செய்தி நேரத்தில் திரையின் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒருவர் கைகளால் செய்தி சொல்வாரே, அவரை நம்மில் யார் உற்றுப் பார்த்தோம்? பழைய மழைத் திரையில் அவருடைய கைகள் இரண்டு வெள்ளைத் துணிகள் போலத்தான் தெரிந்தன. புதிய படத்தில் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. ஹஃபீலா கடைசியாகத்தான் இணைப்பு எடுத்தார். அன்று மாலை றிஷ்னா முதன்முறையாக, உம்மாவிடம் கேட்காமல், உலகத்தில் என்ன நடக்கிறது என்று தானே தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டு, உம்மாவுக்கே செய்தி சொன்னாளாம்.

அவளுக்கு அந்த மகிழ்ச்சி ஒரு கிழமைகூட நீடிக்கவில்லை. ஒரு நாள் தெரு முழுக்கத் திரை கறுத்தது.

கூடிவிட்டோம். என்ன பேசினோம்? இங்கே இருக்கும் நமது வாயாலே பேசியதைச் சொல்கிறேன்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சு! கடைசியா யாரு மாட்டின?"

"அகதி வீடுதான் காக்கா. ஏதோ மெசின் பூட்டி இழுக்குறாளாம்."

"வந்த ஆக்களுக்கு வழி உட்டா இப்பிடித்தான்!"

கரைத்தீவிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் இன்னும் கூசும். வயரை வெட்டினோம். வெட்டியது போதாதென்று, இதே ஒலிபெருக்கியில், "கடைசி வீட்டுக்காரர் அலையைத் திருடியதால் இணைப்பு நீக்கப்பட்டது" என்று ஊருக்கே அறிவித்தோம்.

அடுத்து நடந்ததுதான் நம்மைக் கெடுத்தது. வெட்டியதும் படம் வந்துவிட்டது! "பாத்தீங்களா சேர், படம் வந்திட்டு!" என்று சங்கத்து நிஸார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் வந்ததை நாம் நீதி வந்ததாக எடுத்துக்கொண்டோம். ஒருவராவது சந்தேகப்பட்டோமா? ஒரு தாயாவது, ஒரு தகப்பனாவது, நாற்பது வருடம் பிள்ளைகளிடம் "விடையை மட்டும் எழுதாதே, வழியையும் எழுது" என்று சொன்ன இந்த வாத்தியாராவது?

ஹாஜியார் வீட்டுக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து மறுபடியும் திரை கறுத்தது. "அவ திரும்ப மாட்டிட்டா!" என்று ஒரு குரல். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, தொழுத தொப்பியோடு, பத்துப் பன்னிரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டு முற்றத்துக்குப் போனோம். ஓம், நானும்தான்.

ஹஃபீலா மெசினை நிறுத்திவிட்டு வந்தார். "வாங்கோ சேர். எல்லாரும் இருங்கோ, தேத்தண்ணி வைக்கட்டா?"

"தேத்தண்ணிக்கு வரல்ல," என்றார் நிஸார். "வயர எங்கால மாட்டின?"

அவர் சுவரைக் காட்டினார். நாம் வெட்டிய வயர் நாம் வெட்டிய இடத்திலேயே இருந்தது. ஆனால் அதன் நுனியை மேலே மடக்கி, கூரை ஓரத்தில் செருகி, ஒரு பொலித்தீன் பையால் மூடி, றப்பர் வளையம் போட்டிருந்தார்.

"இதென்ன?"

"உப்புக் காத்துத்தானே காக்கா. வாய் திறந்து கிடந்தா மழைத்தண்ணி உள்ள இறங்கி, மத்த ஆக்கள்ட படமும் கெட்டுப் போகும். அதுதான் கட்டி வச்சனான்."

கேட்டீர்களா என் தாய்மார்களே? திருடி என்றோம். அவர் நமது படத்துக்குக் குடை பிடித்திருக்கிறார்!

உள்ளேயிருந்து றிஷ்னா வந்தாள். நமது முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கையால் ஏதோ கேட்டாள். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன கேட்கிறாள்?" என்றேன்.

"ஒண்டுமில்ல சேர். விடுங்கோ."

"சொல்லுங்கள் ஹஃபீலா."

"இணைப்பத் திருப்பித் தரவா இவ்வளவு பேரும் வந்திருக்கினம் எண்டு கேக்கிறா."

சகோதரர்களே! ஒலிபெருக்கியில் நாம் சொன்ன சொல் அவளுக்குக் கேட்கவில்லை. உம்மாவும் சொல்லவில்லை. "திருத்த வேலை நடக்குது" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். ஆகவே அந்தப் பிள்ளை இந்த ஊரை இன்னும் நல்ல ஊர் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த முற்றத்திலிருந்து திரும்பும்போதுதான் வயரைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நடந்தோம். என்ன கண்டோம்? வீட்டுக்கு ஒன்றென்று போட்ட வயர் வீட்டுக்குள்ளே போய்க் குட்டி போட்டிருந்தது! அலுமாரிக்குப் பின்னால் ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. கலியாண வீட்டில் மாப்பிள்ளை அறைக்கும் ஒன்று; தொலைக்காட்சிப் பெட்டியும் புதிது, வயரும் புதிது. தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். நீங்கள்தான் மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள்.

றமழானில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறோம். வீட்டுக்கு ஒரு வாளி என்று சொல்லியிருக்கிறோம். முன்னால் வந்தவர்கள் மெதுவாக இரண்டு, மூன்று என்று அள்ளிக்கொண்டு போய்விட்டோம். கடைசியாக வந்த பெண் பானைக்குள் அகப்பையை விட்டால் அடி தட்டுகிறது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "கஞ்சியை முடித்தவள் இவள்தான்!" நியாயமா இது?

பழைய அலையாக இருந்திருந்தால், ஒருவர் கள்ள வயர் இழுத்த அன்றே எல்லோர் திரையிலும் கொஞ்சம் மழை கூடியிருக்கும். புதிய அலை அப்படி முனகாது. பலம் குறையக் குறையவும் சிரித்த முகத்தோடு இருக்கும். தாங்கும் எல்லை வரை தாங்கும். தாண்டியதும் ஒரேயடியாகப் போய்விடும். அந்த எல்லைக்குக் கொண்டுபோய் விட்டது நாம். அங்கே நின்றுகொண்டிருந்தது ஹஃபீலா. அவருடைய வயரை வெட்டியதும் எல்லைக்குள் வந்தோம், படம் வந்தது; மாப்பிள்ளை அறைக்கு இழுத்ததும் மறுபடியும் தாண்டினோம். அவர் எடுத்தது ஒன்றே ஒன்று. அதுவும் அவருக்கு உரியது!

குறை அலையிலா? கோபுரத்திலா? கம்பத்திலா? இல்லை! குறை நமது கூரைகளுக்குக் கீழே இருந்தது.

ஹஃபீலா இந்த மாதக் கடைசியில் கரைத்தீவுக்கே திரும்பிப் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறார். சாமான்கள் கட்டத் தொடங்கிவிட்டார். இருங்கள் என்று கேட்க நமக்கு என்ன முகம் இருக்கிறது? இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று நேற்றுப் போய் அவரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்கோ சேர். ஆனா எங்களப் பாவம் எண்டு மட்டும் சொல்லாதீங்கோ" என்றார். சொல்லமாட்டேன். இந்தக் கூட்டத்தில் பாவப்பட்டவர்கள் வேறு ஆட்கள்.

வலப்பக்கப் பந்தலில் இரண்டாவது வரிசையில் உம்மாவும் மகளும் இருக்கிறார்கள். நான் பேசத் தொடங்கியதிலிருந்து உம்மாவின் கைகள் ஓயவில்லை. நேற்று வரை மறைத்ததை இன்று அவரே மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். றிஷ்னாவின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

நான் எவ்வளவு அழகாக மன்னிப்புக் கேட்டாலும், எவ்வளவு உரத்துக் கேட்டாலும், அது அவளுடைய காதுக்குப் போகாது. பழியை ஒலிபெருக்கியில் சொன்னோம். மன்னிப்பை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. அவளுடைய கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே கேட்கிறேன்: உரிமையில்லாத ஒரு வயராவது வீட்டுக்குள் இழுத்தவர்கள் எழுந்து நில்லுங்கள். பேச வேண்டாம். நின்றால் போதும். என் படுக்கை அறைக்கும் ஒன்று போனது. நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

யாரும் இல்லையா?

தலைவர் எழுந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். நிஸார் எழுந்துவிட்டார். பலாமரத்தடியே, எனக்கு உங்களைத் தெரியும், எழும்புங்கள்! அடுப்படியில் நாடகம் பார்த்த ராத்தாமாரே, முக்காட்டுக்குள் சிரிக்காமல் நீங்களும் எழும்புங்கள். ஒரு வரிசை... இரண்டு வரிசை... இவ்வளவு பேரா நாம்? யா அல்லாஹ், இவ்வளவு பேரா?

கொஞ்சம் பொறுங்கள். றிஷ்னா கையால் ஏதோ சொல்கிறாள். ஹஃபீலா, என்ன சொல்கிறாள்? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"முன்னால நிக்கிறவை மறைக்கினமாம் சேர். பின்னால ஆர் ஆர் நிக்கினம் எண்டு தெரியேல்லயாம்."

கேட்டீர்களா? முன்வரிசைக்காரர்களே, தயவுசெய்து இரண்டு பக்கமும் விலகி நில்லுங்கள். இன்னும் கொஞ்சம். ஓம், அப்படி. பிள்ளை பார்க்கட்டும். ஆறுதலாக, ஒவ்வொருவராகப் பார்க்கட்டும். அவள் பார்த்து முடிக்கும் வரைக்கும் யாரும் உட்கார வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. இவ்வளவுக்குப் பிறகும் எழும்பிப் போகாமல் இருந்த அந்த இருவருக்கும் என் நன்றி. வஸ்ஸலாம்.