கையசைக்காமல் நின்ற நடுவருக்கு

டோர்ட்மண்ட் தமிழர் பேஸ்போல் கழகத்தின் நடுவராய் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்று, நிமிர்ந்து, இன்று ஓய்வுபெறும் திருமதி பிறேமா குணசேகரம் அவர்களின் கரங்களில், கழக வீரர்களும் வீராங்கனைகளும் பணிந்து வைக்கும் மடல்.

நடுநிலை தவறாத நாயகியே, எங்கள் அன்புக்கும், கொஞ்சக் காலம் எங்கள் கோபத்துக்கும் ஆளான அக்காவே, வணக்கம்.

ஒவ்வொரு கழகமும் தன் பங்குக்கு ஒரு நடுவரைத் தரவேண்டும், தராவிட்டால் ஆட்டமே இல்லை என்று பேஸ்போல் சங்கம் கடிதம் போட்ட ஆண்டில், எங்கள் எல்லோருக்கும் பந்தை அடிக்கத்தான் ஆசை இருந்தது. நடுவராகி ஏச்சு வாங்க ஒருவருக்கும் ஆசை இருக்கவில்லை. ஹம் நகரின் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, ரயிலேறி வந்து, ஜெர்மன் விதிப்புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் தமிழில் குறிப்பெழுதிப் படித்துத் தேறியவர் நீங்கள்.

ஐங்கோண வெள்ளைப் பலகையின் காவலரே! ஓடுபவர் சுற்றிவந்து தொட்டால்தான் ஓட்டம் என்னும் அந்த ஹோம் பிளேற்றை, சின்னப் பிறஷ்ஷால் நீங்கள் குனிந்து துடைக்கும் பக்குவமே தனி. வீசிய பந்து உங்கள் முகக்கவசக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்ட அன்று மைதானமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. மூக்குக்கு முன்னால் பந்து இருக்க, விதி சொன்னபடி ஆட்டத்தை நிறுத்தி, ஓடுபவரை ஒரு தளம் முன்னே அனுப்பிவிட்டுத்தான் கவசத்தைக் கழற்றினீர்கள். அன்று முதல் உங்களிடம் வாய் கொடுக்க வெளியார் ஒருவரும் துணியவில்லை.

துணிந்தவர்கள் நாங்கள்தான். சென்ற கோடையின் இறுதியாட்டம். வென்றால், பதினொரு ஆண்டுகளாக எங்களுக்கு எட்டாதிருந்த மேல்பிரிவு. வரவேண்டிய நடுவர் ரயில் ரத்தாகி வழியில் நிற்க, எங்கள் கழகத்தவரே ஆனாலும் பிறேமா நடுவராக நின்றால் தங்களுக்குச் சம்மதம் என்று சொன்னவர் எதிரணித் தலைவர். அதைவிடப் பெரிய பட்டத்தை எங்களால் தரமுடியாது.

கடைசிச் சுற்று, சமநிலை. எங்கள் அன்ரனிற்றா சறுக்கிக்கொண்டு பிளேற்றுக்கு வந்தார். எதிரணியின் பந்து பிடிப்பவர் அவரைத் தொட எட்டினார், தொடவில்லை. வென்றுவிட்டோம் என்று உள்ளே பாய்ந்து அன்ரனிற்றாவைத் தூக்கிக்கொண்டு ஆடினோம். நீங்கள் மட்டும் இரு கைகளையும் தொங்கவிட்டு, வாய் திறவாமல் நின்றீர்கள். ஓடியவர் பிளேற்றைத் தொடாமல், பிடித்தவரும் ஓடியவரைத் தொடாமல் விட்டால், நடுவர் எதையும் காட்டக்கூடாது. யாராவது உணரும்வரை காத்திருக்கவேண்டும். எங்களில் ஒருவராவது உங்கள் கைகளைப் பார்த்திருந்தால், அன்ரனிற்றா திரும்பிப்போய் மிதித்திருப்பார். பார்த்தவர் எதிரணிக்காரர். பந்தோடு வந்து பிளேற்றை மிதித்து, உங்களிடம் முறையிட்டார். அப்போதுதான் உங்கள் கை உயர்ந்தது. ஆட்டமிழப்பு. சமநிலை தீர்க்க வைத்த மேலதிகச் சுற்றில் தோற்றோம்.

"நீங்கள் எங்கட ஆள்தானே அக்கா, ஒரு கண் காட்டியிருக்கலாமே?" என்று கத்தினோம்.

"ஓம், உங்கட ஆள்தான். அதுக்காகக் கண் காட்ட ஏலாது. அவ பிளேற்றைத் தொடேல்லை" என்றீர்கள்.

குளிர்காலம் முழுவதும் உங்களோடு நாங்கள் கதைக்கவில்லை. நீங்களோ சனிக்கிழமை தவறாமல் உள்ளரங்கப் பயிற்சிக்கு வந்து, முகம் கொடுக்காத எங்களுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வீச்சுக்கும் சரி பிழை சொன்னீர்கள்.

பொறுமையின் பெருமாட்டியே, இம்மடலை உங்கள்முன் வாசித்துக்கொண்டிருப்பவர் அந்த அன்ரனிற்றாதான். கால் படவில்லை என்று அவருக்கு அந்தக் கணமே தெரியும். நீங்கள் வாய் திறவாதது விதிக்காக. நாங்கள் உங்களை ஏசிய மாதங்களில் அவர் வாய் திறவாதது பயத்தினால். சென்ற வாரம்தான் அழுதுகொண்டு சொன்னார். கண்ணாடிச் சட்டமிட்டுத் தரும் மடலில் இந்த வரிகள் வேண்டாம் என்று நாங்கள் தடுத்தோம். வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அவரோடு சேர்ந்து நாங்களும் வெட்கப்படுகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம்.

உங்கள் முழங்கால் வலி தீர்ந்து, அன்புக் கணவரோடு நலமும் வளமும் பொலிய நூறாண்டு வாழவேண்டும். இந்த மண்டப வாசலில், அந்த மைதானத்துப் பிளேற்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். போகும்போது அதை மிதித்துச் செல்லுங்கள். மிதிக்காமல் தாண்டினால் ஒருவரும் வாய் திறக்கமாட்டோம், கையும் காட்டமாட்டோம். நீங்களாக உணர்ந்து எங்களிடம் திரும்பி வரும்வரை அப்படியே காத்து நிற்போம்.

என்றும் உங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட,
கழக வீரர்கள், வீராங்கனைகள்
டோர்ட்மண்ட்