கனேலாவின் பெயர் மாறாதிருக்க: நார்சிசா தோமாலா அவர்களுக்குப் பணிநிறைவு நாளில்

குவாயாகில் நகரத்துக் கதவுகளின் கவலை அறிந்தவரே! கண்ணுக்குத் தெரியாத காற்றலைக்கும் கதவு வைத்து, அந்தக் கதவுக்கும் காவல் வைத்து, அந்தக் காவலுக்கும் ஒரு கண்ணியம் வைத்தவரே! ஏணியின் உச்சியில் ஏறி நின்றாலும் எவரையும் இறக்கிப் பேசாதவரே! மங்லார் இல்லக் காவல் சேவையின் மூத்த தொழில்நுட்பரே, எங்கள் நார்சிசா அக்காவே! இந்த மடலோடு எங்கள் வணக்கத்தையும் வைக்கிறோம்.

அடைமொழி குறைந்தது இன்னும் இரண்டு வேண்டும் என்று அலுவலகத்தில் பெரிய சண்டை. ஐந்தாவதைக் கேட்டால் அக்கா எழுந்து போய்விடுவார் என்று வெலிங்டன் பஹாஞா சொன்னதால் நான்கோடு நிறுத்திக்கொண்டோம். கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து பத்தொன்பது ஆண்டுகளாக உங்கள் அழைப்பை எடுத்தவர் அவர்தான். இந்த மடலைப் பெரும்பாலும் எழுதியவரும் அவர்தான். எழுத்து எங்காவது ஈரமாகத் தெரிந்தால் அது அவர் குற்றம்.

புகழ்வதற்கு மட்டும் இந்த மடல் எழுதப்படவில்லை அக்கா. உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறோம். பிளாயாஸ் கடற்கரையில் உங்கள் தங்கை மௌரா உங்களுக்கென்று கடலைப் பார்த்த அறையொன்றை ஆறு ஆண்டுகளாகக் கூட்டிப் பெருக்கி வைத்துக் காத்திருக்கிறார். நீங்கள் போகமாட்டேன் என்கிறீர்கள். வேலை இருக்கிறது என்றீர்கள், நம்பினோம். இன்றோடு வேலை முடிகிறது. இன்றும் போகமாட்டேன் என்கிறீர்கள். அந்தப் பேச்சைப் பிறகு எடுக்கிறோம். முதலில் முறைப்படி பாராட்டிவிடுகிறோம்.

இருபத்தேழு ஆண்டுகள்! தொலைபேசிக் கம்பியில் அலறும் மணியைக் கட்டிவிட்டு, அது அலறினால் போதும் என்று எல்லாரும் வீட்டுக்குப் போன காலத்தில் நீங்கள் வந்தீர்கள். கேமராவும் கதவுப் பூட்டும் சன்னல் உணரியும் வைஃபையில் பேசத் தொடங்கியபோது, நாங்கள் புதுப் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாயைப் பிளந்தோம். நீங்கள் மட்டும் அந்தப் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தீர்கள். "ஆலையில போட்ட கடவுச்சொல்லையே வச்சிருந்தா, திருடனுக்குச் சாவி செஞ்சு குடுத்த மாதிரிதான்" என்றீர்கள். அன்றிலிருந்து இந்த நிறுவனத்தில் சீட்டைக் கிழிக்காமல் எவரும் ஒரு வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

கடவுச்சொல்லை வீட்டுக்காரர் தம் கையால் தட்டவேண்டும், தட்டும்போது நாம் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும் என்பது நீங்கள் கொண்டுவந்த வழக்கம். முகத்தைத் திருப்பினால் போதாது. உடம்போடு திரும்பி, சுவரோடு சுவராக நிற்கவேண்டும். முதல் நாள் இதைச் செய்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பள்ளியில் தண்டனை வாங்கிய பிள்ளைகள்போல. இன்று இந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் பார்க்காத சுவர் இல்லை. எந்த வீட்டுச் சுவரில் எந்தப் புனிதரின் படம், எதில் ஈரக்கசிவு, எதில் மறைந்த கணவரின் புகைப்படம் என்று எல்லாம் தெரியும். கடவுச்சொல் மட்டும் ஒன்றுகூடத் தெரியாது.

இணைத்துக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. பதினைந்தாம் நாள் திரும்பிப் போவீர்கள். நடுப்பகலில் வீட்டின் மின்சாரத்தை நீங்களே நிறுத்திவிட்டு, வீட்டுக்காரம்மா கொடுக்கும் புளியம்பழச் சாற்றைக் குடித்தபடி, வைஃபைப் பெட்டியின் கீழே வைத்த சிறு மின்கலம் தாங்குகிறதா, கேமரா இன்னும் எங்களோடு பேசுகிறதா என்று பார்த்திருப்பீர்கள். மின்வெட்டு நாட்கள் வந்து நகரமே விசிறி மட்டையைத் தேடியபோது, நீங்கள் தொட்ட வீடுகள் ஒன்றுகூட எங்கள் திரையிலிருந்து மறையவில்லை. நாங்கள் தொட்ட வீடுகளைப் பற்றிப் பேச வேண்டாம்.

அல்போராதா பகுதியில் திருமதி பெர்பெதுவா வீட்டைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. ஞாயிறு மாலை நான்கு மணியானால் அவர் வீட்டுக் கேமராக்கள் நான்கும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டன. நாங்கள் மூன்று பேர் மூன்று முறை போய்ப் பெட்டியை மாற்றிக் கையைப் பிசைந்துகொண்டு திரும்பினோம். நீங்கள் ஒரு ஞாயிறு போய், எதிர்ச்சாரி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தீர்கள். நகரத்தின் இரண்டு கால்பந்து அணிகளும் மோதிய நாள் அது. பக்கத்து ஏழு வீட்டிலும் பந்தாட்டம் ஓடியது, ஏழும் பெர்பெதுவா அம்மாவின் வைஃபையில்.

"யாருக்கும்மா குடுத்தீங்க கடவுச்சொல்ல?"

"எல்லாருக்குந்தான். என் பொறந்தநாளுக்கு வந்தாங்க, கேக் குடுத்தேன், அப்படியே அதையும் குடுத்தேன். கேட்டா எப்படிம்மா இல்லன்னு சொல்றது? பக்கத்து வீடாச்சே!"

"கேக்கைக் குடுங்க, வேணாங்கல. வீட்டுச் சாவியையுமா தட்டுல வச்சுக் குடுப்பாங்க?"

நாங்களாக இருந்தால் சாவியைப் பிடுங்கி அந்த அம்மாவுக்கு ஊர்ப்பகையைத் தேடிக் கொடுத்திருப்போம். நீங்கள் விருந்தினருக்கென்று தனி வைஃபை ஒன்று திறந்தீர்கள். அக்கம்பக்கத்தார் அதில் வரலாம், பந்தாட்டம் பார்க்கலாம். அங்கிருந்து கேமராவுக்கோ பூட்டுக்கோ ஓரடியும் எடுத்துவைக்க முடியாது. காவலும் கெடவில்லை, உறவும் கெடவில்லை. ஏழு வீட்டிலிருந்தும் உங்களுக்கு வாழைக்காய் வறுவல் வந்தது. அதில் பாதியை வெலிங்டன் தின்றார்.

இனி அந்தப் பேச்சு. சொல்லலாமா என்று தயங்கினோம். "மறைச்சு வச்சு என்ன ஆகப்போகுது, படிச்சிக்குங்க" என்று போன வாரம் நீங்களே சொன்னதால் படிக்கிறோம்.

ஒவ்வொரு சனவரியிலும் நாம் எல்லாருடைய பெயரையும் தொப்பியில் போட்டுச் சீட்டு எடுக்கிறோம். யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டு வைஃபையைப் போய்ச் சோதிக்கவேண்டும். தோற்றவர் அலுவலகம் முழுவதற்கும் மீனும் மரவள்ளியும் வெங்காயமும் மணக்க மணக்க என்செபொயாடோ சூப் வாங்கித் தரவேண்டும். ஏழு ஆண்டுகள் நீங்கள் ஏதேதோ சொல்லி நழுவினீர்கள். கொல்லன் வீட்டுக்குப் பூட்டு எதற்கு என்பதுபோல நாங்களும் விட்டுவிட்டோம். இந்த சனவரியில் வெலிங்டன் கைக்கு உங்கள் சீட்டு வந்தது. அவர் எவர் சொல்லையும் கேட்காமல் கருவிப் பையோடு உங்கள் வாசலில் போய் நின்றார்.

அவர் கைபேசியில் தெரிந்த வைஃபைப் பெயர் 'கனேலா கடிக்கும்'. கடவுச்சொல் குழந்தைகூட ஊகிக்கும் வகை. அதை இங்கே எழுதமாட்டோம், அந்த அளவுக்காவது எங்களுக்குப் புத்தி புகட்டியிருக்கிறீர்கள். வாசல் கேமராவும் அதே வைஃபையில்தான் இருந்தது. நகரத்துக்கெல்லாம் நீங்கள் தடைசெய்த அத்தனையும் உங்கள் வீட்டில் ஒருசேர இருந்தன. வெலிங்டன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா! ஊருக்கெல்லாம் உபதேசம், உங்க வீட்டுல இப்படியா? நவுருங்க, ரெண்டே நிமிஷத்துல மாத்திடறேன்."

"தொடாத தம்பி."

"அட, விளையாடாதீங்கக்கா."

"தொடாதன்னு சொன்னேன்ல. பேரு என் பையன் வச்சது. அந்தச் சொல்லும் அவன் போட்டதுதான். மாத்திட்டா அவன் போனு எப்படி வீட்டைக் கண்டுபிடிக்கும்?"

உங்கள் மகன் பைரன் எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் நீலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேறு நாட்டில் பிழைக்க வடக்கே கிளம்பினார். வழியிலுள்ள எல்லைக் காட்டைக் கடக்குமுன், "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடறேன்மா" என்று ஓர் அழைப்பு. பிறகு ஒன்றுமில்லை. இவ்வளவு எங்களுக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: அவர் தெருமுனைக்கு வந்தால் கைபேசி தானாக வீட்டு வைஃபையில் இணைந்துவிடும், புதுக் கைபேசியாக இருந்தாலும் அந்தப் பெயரைப் பார்ப்பார், வீட்டுக்கு நிறமும் கதவும் மாறியிருந்தாலும் அம்மா இங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார் என்று நம்பி, தினமும் வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாக யார் இணைந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தீர்கள். எட்டு ஆண்டுகள்! அதற்காகவே பிளாயாஸுக்கு ஓரிரவு தங்கக்கூடப் போகவில்லை.

 பேச்சு கனத்தால் வெலிங்டன் அசட்டுத்தனமாக ஏதாவது கேட்பார், கேட்டார்.

"கனேலாங்கறது நாயாக்கா? கடிக்குமா?"

நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்களாம். நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து, கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்து, பிறகு பதில் சொன்னீர்களாம். உங்களுக்கும் பைரனுக்கும் மட்டுமே தெரிந்திருந்த அந்தப் பதில் இப்போது வெலிங்டனிடம் பத்திரமாக இருக்கிறது.

தோற்றதாகவே எழுதச் சொன்னீர்கள். மறுநாள் இருபத்து மூன்று கிண்ணம் என்செபொயாடோ வாங்கித் தந்தீர்கள். நாங்கள் காரணம் தெரியாமல் எலுமிச்சை பிழிந்துகொண்டே உங்களைக் கேலி செய்தோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். அந்தக் கேலிக்காக இன்று எல்லாரும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறோம், அக்கா.

சென்ற சனிக்கிழமை பிற்பகல் எங்கள் பணிநிறைவுப் பரிசை உங்கள் வீட்டில் பொருத்தினோம். தங்கச் சங்கிலியோ கைக்கடிகாரமோ இல்லை. பெர்பெதுவா அம்மா வீட்டில் நீங்கள் செய்ததையேதான் செய்தோம். வாசல் கேமராவுக்கும் பூட்டுக்கும் புதிதாக ஒரு வைஃபை, வலுவான கடவுச்சொல்லோடு. 'கனேலா கடிக்கும்' அப்படியே இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. அதில் எவர் வந்தாலும் வீட்டுக் காவலைத் தொட முடியாது. ஆனால் அதில் உங்களுடையது அல்லாத ஒரு கைபேசி இணைந்த நொடியில் எங்கள் கண்காணிப்பு அறையில் ஒரு மணி அடிக்கும்.

புதுக் கடவுச்சொல்லை நீங்கள் தட்டும்போது வெலிங்டன் வழக்கப்படி சுவரைப் பார்த்து நின்றார். அவர் முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், அருகே பழுப்பு நிறத்தில் ஒரு நாய், ஆணியில் தொங்கும் சிறு படம்.

"திரும்பலாமாக்கா?"

"இன்னும் இல்ல."

ஒரு கடவுச்சொல்லுக்கு அவ்வளவு நேரம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் மூக்கைச் சிந்தி, தொண்டையைச் செருமி, "ம், திரும்பு" என்று சொல்லும்வரை நின்றார்.

ஐந்து நாட்களில் மணி இரண்டு முறை அடித்துவிட்டது. முதல் முறை வெலிங்டன் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டு எழுந்தார். எதிர்வீட்டுச் சிறுமி கடவுச்சொல்லை ஊகித்து வைஃபைக்குள் வந்திருந்தாள். இரண்டாம் முறையும் அவள்தான். நாளை தெருப்பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள், வரட்டும். பொய் மணி என்று எந்த மணியையும் உட்கார்ந்துகொண்டே தள்ளாதீர்கள் என்று எங்களுக்குச் சொன்னவர் நீங்கள். நூறு முறை வீணாக அடித்தாலும் நூற்றொன்றாவது முறையும் எழுந்துபோய் வாசலைப் பார்ப்போம்.

ஆகவே எங்கள் ஏக்கத்தை எங்களோடு வைத்துக்கொண்டு, உங்கள் ஏக்கத்தில் ஒரு பங்கைக் கேட்கிறோம். நீங்கள் இல்லாத ஏணியைப் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. உங்கள் குரல் வராத வாக்கி-டாக்கி எதற்கு என்றுகூடத் தோன்றுகிறது. இருந்தாலும் போங்கள் அக்கா. மௌரா அம்மா பெருக்கி வைத்த அறைக்குப் போங்கள். கடற்காற்றில் முழங்கால் வலி குறைந்து, மீன் குழம்பில் ருசி கூடி, நிம்மதியான உறக்கமும் நெடிய ஆயுளும் பெற்று இருங்கள். இனி உங்கள் வாசலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கண்காணிப்பு அறைச் சுவரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் வைத்திருக்கிறோம் அல்லவா? வந்திருப்பவர் வீட்டு ஆள்தானா என்று கேட்டுத் தெளியும் அந்தப் பலகையில் உங்கள் வீட்டுக்கும் ஒரு வரி ஏறிவிட்டது. யார் பணியில் இருந்தாலும், யார் ஓய்வு பெற்றாலும், அதை அழிக்கக்கூடாது என்று இருபத்து மூன்று பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம். மடல் சட்டமிடப்பட்டு உங்கள் சுவரில் தொங்கப்போவதால் பதிலை மட்டும் எழுதவில்லை. அந்த வரி இதுதான்:

'கனேலா மணி அடித்தால் காவல்துறையைக் கூப்பிடாதே. வாசல் விளக்கைப் போடு. ஒலிபெருக்கியில், கனேலா கடிக்குமா என்று கேள். சிரித்துக்கொண்டே சரியாகப் பதில் சொன்னால் கதவைத் திற. பிறகு பிளாயாஸுக்குப் போன் போடு.'

உங்கள் வாசலைப் பார்த்தபடி,
மங்லார் இல்லக் காவல் சேவைப் பணியாளர்கள்,
குவாயாகில்.