ஐந்தாவது திரையில் வெயில்

என் பெயரும் வயதும் மேலே பதியப்பட்டபடி சரி. மீன் சந்தைக்குப் பின்தெருவில், சலூனுக்கு மேல்மாடியில் மனைவியோடு குடியிருக்கிறேன். கீழே சலூனை ஒட்டி கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் சரக்குக் கிடங்குக் காவலாளி என் மனைவியின் தம்பி. வீட்டில் அவனுக்குக் கொட்டாவி என்று பெயர். வைத்தவன் நான்தான். நின்றுகொண்டே தூங்குவான். அவனுக்கு அந்த வேலையைக் கொடுத்தவர்களின் புத்தியை நான் அன்றே மெச்சிக்கொண்டேன்.

அவன் வேலை, ஆறு திரைகளில் தெரியும் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருப்பது. பின்முற்றத்தில் லாரி பின்னால் வரும்போது யாராவது குறுக்கே வந்தால் மணியை அடிக்க வேண்டும், டிரைவர் நிறுத்திவிடுவார்.

சென்ற மாதம் ஆறில் மூன்று திரைகள் கறுத்துவிட்டதாக மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று திரைகள். முதலில் கேபிள்களை மாற்றிப் போட்டேன், அதன் பிறகு திரைகளை இடம் மாற்றினேன், அதன் பிறகு ஒரு கார்டைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் போட்டுப் பார்த்தேன். தனித்தனியாகப் போட்டால் இரண்டு கார்டுமே வேலை செய்தன. சேர்த்துப் போட்டால் இரண்டாவது செத்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை இரண்டையும் தாங்காது, பெரியதாகப் போட வேண்டும், அதுவரை நான்கு, ஐந்து, ஆறாம் திரைகளுக்குக் கண் கிடையாது என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சுவத்துல எட்டு பிளக் இருக்கு, கரண்டு பத்தலைங்கறீங்களே?" என்றார். சுவர் வேறு, பெட்டி வேறு என்று விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவர் கழுத்தில் டை கட்டியிருக்கிறார், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. எழுதும் அலுவலர் இந்த வரியை விட்டுவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

அதன் பிறகு என்னை அவர்கள் கூப்பிடவில்லை. சம்பவத்தன்று பகலில், சோதித்துப் பார்க்க அங்கே விட்டுவந்த என் கேபிள்களை எடுக்கப் போனேன். நல்ல மழை. கொட்டாவி நிமிர்ந்து உட்கார்ந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறும் எரிந்தன. பின்முற்றத்தைக் காட்டும் ஐந்தாவது திரையில் சுள்ளென்று வெயில் அடித்தது. என் குடையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டா, வெளிய ஊத்துது, இதுல மட்டும் வெயில் காயுதா?" என்று கேட்டேன்.

"நானும் மேனேஜர்கிட்ட கேட்டேன் மாமா. இது ஒசத்தி கேமராவாம், மழையிலயும் பளிச்சுனு காட்டுமாம்" என்றான். இப்படி ஒரு பதிலைச் சொல்ல ஒருவர், அதை நம்ப ஒருவன். ஜாடிக்கேற்ற மூடி.

திரைக்குப் பின்னால் கையை விட்டேன். அவை டிவியாகவும் ஓடும் திரைகள், பென்டிரைவைச் செருகினால் போட்டோ காட்டும். முன்பு கறுத்துக் கிடந்த மூன்றிலும் ஒவ்வொன்று செருகியிருந்தது. ஐந்தாவதிலிருந்து பிடுங்கினேன், திரை கறுத்தது. அப்போதுதான் பின்பக்க ஜன்னல் வழியாக அலறல் கேட்டது. கொட்டாவி மணியை அடித்துவிட்டு எனக்கு முன்னால் ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சுமை தூக்குபவர் ஒருவரின் வலது கால் லாரிச் சக்கரத்துக்கும் மேடைச் சுவருக்கும் நடுவே இருந்தது. கொட்டாவி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான், ஆம்புலன்ஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை. முன்வாசலில் தண்ணீர் தேங்கியதால் லாரியைப் பின்பக்கம் அனுப்பியவர் மேலாளரே என்று டிரைவர் என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு மேலாளர் குடையோடு வந்தார். கிடந்தவரைப் பார்த்தார், என் கையிலிருந்த பென்டிரைவைப் பார்த்தார். "அதை எதுக்குங்க புடுங்கினீங்க?" என்றார். முதலில் கேட்டது அதைத்தான்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் என்னைத் தனியே அழைத்தார். அடிபட்டவரின் காலை எடுத்தாகிவிட்டது என்று அப்போதுதான் உள்ளே சொல்லியிருந்தார்கள். "முதலாளி சுத்திப் பாக்க வந்தாரு, மூணு திரை கறுப்பா கெடந்தா என் மானம் என்னாகறது? அதான் போட்டோ எடுத்துப் போட்டேன். அவரும் பாத்துட்டு சபாஷ்னுட்டாரு. இப்ப நீங்கதான உங்க மச்சினனைத் தூங்குமூஞ்சின்னு ஊரெல்லாம் சொல்றீங்க? அதையே ஸ்டேஷன்லயும் சொல்லிடுங்க, போதும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னையே சோறு போடச் சொல்கிறார். மற்ற இரண்டு திரைகளில் இருந்ததையும் முந்தின நாளே பிடுங்கி வைத்திருந்தேன். மூன்று பென்டிரைவ்களையும் இப்போது அலுவலரிடம் ஒப்படைக்கிறேன்.

கொட்டாவி சோம்பேறி. அவனுக்கு என் மனைவி ஊட்டிய சோறு தண்டம் என்பதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், இனிமேலும் சொல்வேன். அன்று அவன் தூங்கவில்லை. மேலாளர் எடுத்த போட்டோவை அவன் கண்கொட்டாமல் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னதுதான் இருக்கிறது. யாரும் மிரட்டியதால் சொல்லவில்லை. என் மனைவி அழுதாள், அதற்காகவும் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)