அம்மாவுக்கு எழுதின வசனம்

— நிறுத்துடா தம்பி. இந்த வசனத்துக்கு எனக்கு நாக்கே புரளலை.

— எந்த வசனம்க்கா?

— அம்மாவா நான் பேசுற எல்லாமும்தான். அப்பா வேஷத்துக்குப் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கே. எனக்கு என்ன? 'என்னங்க...', 'இல்ல, வந்து...', 'நான் என்ன சொல்றேன்னா...'. ஒண்ணாவது முடியுதா? ஒத்திகை ஆரம்பிச்சதுலேர்ந்து வெறும் புள்ளி புள்ளியாவே நடிச்சிட்டிருக்கேன்.

— அம்மா அப்படித்தானே பேசுவாங்க?

— அப்பா எதிர்ல அப்படித்தான். என்கூடத் தனியா இருக்கும்போது கேட்டிருக்கியா? அப்பா மாதிரியே தொண்டையைச் செருமி, அதே குரல்ல பேசி நடந்து காட்டுவாங்க. நான் வயித்தைப் பிடிச்சிட்டு உருளுவேன்.

— நம்ம அம்மாவா? நான் பார்த்ததே இல்லையே.

— நீ உள்ள வந்தாலே வாயை மூடிக்குவாங்க. எங்கேர்ந்து பார்ப்பே?

— நான் கேட்டதைத்தானேக்கா எழுத முடியும்? அப்பா வீட்டை விட்டுப் போனப்போ நீ ஹாஸ்டல்ல. நான் சின்னப் பையன், சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். அவரோட அந்தக் கடைசிப் பேச்சுல ஒரு எழுத்துகூட நான் சேர்க்கலை.

— எங்க, அதைப் படி.

— 'போதும். இத்தனை வருஷமா உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். இனிமே எனக்குத் தோணினதைத்தான் பேசுவேன். இஷ்டம் இருந்தா இரு. இல்லேன்னா வாசக்கதவு திறந்துதான் இருக்கு.' அதுக்கப்புறம் விசும்பல் சத்தம். அம்மா அழுதாங்க. காலையில எழுந்து பார்த்தா அப்பா இல்லை.

— 'இருந்தா இரு, இல்லேன்னா போ'ன்னு சொன்ன மனுஷன், தானே ஏன்டா பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும்?

— ரோஷம்தான். ஆம்பளை ரோஷம்.

— எனக்கு ஒட்டலை. அம்மாதான் பின் வரிசையில உட்கார்ந்திருக்காங்களே, கேட்டுடுவோம். அம்மா! முன்னாடி வாம்மா.

— ஐயோ, நான் எதுக்கு... உன் மேடைத் துணிக்கு ஓரம் அடிச்சுக் கொடுத்துட்டுப் போலாம்னு... நீங்க பாருங்க...

— இவன் எழுதினது எப்படிம்மா இருக்கு? உள்ளதைச் சொல்லு.

— நல்லாத்தான்... அந்தப் பேச்சை அப்படியே ஞாபகம் வெச்சிருக்கான்...

— பார்த்தியாக்கா? நான் சொன்னேன்ல?

— ஒண்ணே ஒண்ணு... தப்பா எடுத்துக்காதேப்பா... அது அப்பா குரல்னு எப்படி...

— வேற யாரும்மா வீடே அதிரப் பேசுவா? அதுவும் 'உன் மூஞ்சி'ன்னு. நீ அவரை 'நீங்க'ன்னுதானே சொல்லுவே?

— ஆமாம். 'நீங்க'தான் சொல்லுவேன்.

— அப்புறம் என்ன? நீ அழுதது எனக்கு இன்னும் காதுலயே இருக்கு.

— நான் அழலை.

— இல்லம்மா... கதவுக்குப் பின்னாடி... அப்ப அது யாரு...

— உங்கப்பா. அந்த ஒரு நாள்தான் அவரை நான் 'நீ'ன்னு சொன்னேன்.