பாப்பா பேசிய வசனம்

டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்பைப் பார்த்து நேராகத் துடைக்க வேண்டும். பழைய பனியன் துணிதான் நல்லது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரங்கன் அண்ணன். நல்ல மனிதர். அவரைப் பற்றிக் குறையாக நான் எதுவும் எழுதப் போவதில்லை.

இந்த வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் எழுதுவதாக இருந்தது. நானே எழுதித் தருகிறேன் என்றேன், நீங்களும் சரி என்றீர்கள். இருபத்தேழு வருடமாக மல்லசமுத்திரத்தில் பத்திரம் எழுதுகிறேன். என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் சித்ரா. வயது ஐம்பத்து மூன்று. வீட்டுக்காரர் வேலுமணி, போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டுகிறார். மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று போர் போடப் போனால் திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும். எங்களுக்கு ஒரே பெண், அறிவுமதி. வீட்டில் பாப்பா.

2007 தை மாதம் எங்கள் பக்கம் ஒரு சினிமா எடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்க ஒரு சின்னப் பெண் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் வந்து கேட்டு, பாப்பாவைப் பொறுக்கினார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. கதாநாயகன் மூட்டையோடு ஓடி வருவான். பாப்பா அவனைப் பார்த்து, "அண்ணா, கடைசி பஸ் போயிருச்சுங்க. இனி நாளைக்குத்தான்" என்பாள். அவ்வளவுதான். மொத்தம் ஒன்பது வினாடி.

படப்பிடிப்பு அன்று நல்ல முகூர்த்தம். எனக்குப் பதினொரு பத்திரம் இருந்தது, போக முடியவில்லை. வேலுமணிதான் டிவிஎஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். சாயங்காலம் வந்து, "பாப்பா ஜம்முன்னு பண்ணுச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க" என்றார். பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பொதுவாகவே அதிகம் பேசமாட்டாள்.

திருச்செங்கோட்டில் படம் ஒரு வாரம் ஓடியது. மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். பிறகு சேலத்தில் அதன் டிஸ்க் விற்றபோது ஒன்று வாங்கினேன். ஒரே டிஸ்க்கில் மூன்று படம் அடைத்த மலிவான சரக்கு. அப்போது அது ஒரு வேடிக்கைப் பொருள். சொந்தக்காரர்கள் வந்தால் போட்டுக் காட்டுவோம்.

2010 ஐப்பசியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பதினொரு வயது.

எங்களிடம் அவள் போட்டோ ஏழு இருந்தது. அன்றைக்கு இருந்த போனில் பேச முடியும், படம் பிடிக்க முடியாது. போட்டோவில் முகம் இருக்கும், குரல் இருக்காது. அதனால் டிஸ்க்கைப் போட ஆரம்பித்தேன். காலையில் ஒரு தடவை, ஆபீசிலிருந்து வந்து ஒரு தடவை. வேலுமணி முதலில் கூட உட்காருவார். அப்புறம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஆண்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பத்து வருடம் அப்படிப் போயிற்று. 2020இல் டிஸ்க்கின் பளபளப்பு உரிந்து, மீன் செதில் மாதிரி கையில் ஒட்டியது. அதோடு அது தீர்ந்தது. பதினான்கு மாதம் எதுவும் இல்லை. பிறகு அந்தப் படம் போனில் வருகிறது என்று தெரிந்தது. மாதச் சந்தா கட்டிப் பார்த்தேன். படம் இன்னும் தெளிவாக இருந்தது. ஒருநாள் காலையில் தேடினால் காணோம். அவர்கள் நம்பருக்குப் பேசினேன்.

"அந்தப் படத்தோட உரிமை முடிஞ்சிருச்சுங்க மேடம். அதே மாதிரி வேற படம் நிறைய இருக்கு, பாருங்க" என்று ஒரு பெண் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. குத்தகை நிலத்தில் தென்னை வைத்துவிட்டு அழுகிற எத்தனையோ பேர் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிரயம் ஆகாத எதுவும் நம்முடையது இல்லை என்று அவர்களுக்குச் சொல்கிற வேலை என்னுடையது. எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த டிஸ்க் எங்காவது கிடைக்குமா என்று வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டேன். வீட்டுமனை பதிய வந்த வீரபாகு என்பவர்தான், "கொண்டப்பநாயக்கன்பட்டியில எங்க மில்லுல இருந்த இஞ்சினியர் ஒருத்தர் இருக்காருங்க. ஊடு பூரா டிஸ்க்குதானுங்க" என்று நம்பர் கொடுத்தார்.

ரங்கன் அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. மனைவி இல்லை. மகள் கிருத்திகா பெங்களூரில். மலைப்பாதைக்குப் போகிற ரோட்டில் தனி வீடு. உள்ளே ஓர் அறையை டிஸ்க்குக்கு என்றே வைத்திருந்தார். வெயில் படக் கூடாது என்று ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். தூசு போகாமல் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. வெளியே தாழ்ப்பாள். மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் படம். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை, நகல் ஒன்றுகூட இல்லை என்று சொல்வார்.

என் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து போய் இரண்டே நிமிடத்தில் அந்தப் படத்தை எடுத்து வந்தார். நான் வாங்கினது போல மலிவுச் சரக்கு இல்லை. அட்டைப்பெட்டியோடு, கம்பெனியே போட்டது. ஹாலில் டிவியில் போட்டார். நாற்பத்தோராவது நிமிடத்தில் பாப்பா வந்தாள். பேசினாள். நான் அழுததைப் பார்த்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுவாதீங்க சாமி. எப்பத் தோணுதோ அப்ப வாங்க. இதும் உங்க ஊடுதானுங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை போவேன். மல்லசமுத்திரத்திலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. ஒன்றரை வருடம் போனேன். அவர் டீ போடுவார். நான் டம்ளரைக் கழுவி வைப்பேன். அவருக்கு வீசிங் இருந்ததால், டிஸ்க் அறையைத் தூசு தட்டுவதும் நானே செய்தேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசியதில்லை. இதை நீங்கள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பதில் எழுதிவிட்டேன்.

டிஸ்க்குக்காகச் செய்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. டிஸ்க்கை அவரே எனக்குக் கொடுத்துவிட்டார். இந்த வருடம் மாசி மாதம், அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்ததும் முதலில் சொன்னதே அதுதான்.

"அம்மிணி, இன்னிக்கு இத நீங்க எடுத்துட்டுப் போயிருங்க. எங்கிட்ட இருந்தா மூவாயிரத்துல ஒண்ணு. உங்ககிட்ட இருந்தா அது வேற. பழைய பிளேயர் ஒண்ணும் கட்டி வெச்சிருக்கேன்."

"வேண்டாங்கண்ணா" என்றேன்.

"அட, எடுத்துக்கங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க. போன வாரம்தான் கண்டுபிடிச்சேன். இதுல இன்னொரு ஆடியோ இருக்குதுங்க. டைரக்டரும் அசிஸ்டெண்டும் படம் ஓட ஓட எப்படி எடுத்தோம்னு பேசிட்டே வாராங்க. உங்க பாப்பாவப் பத்தியும் பேசறாங்க."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இரண்டு டம்ளரில் டீயை வைத்துவிட்டு, ரிமோட்டில் ஏதோ அழுத்தினார். படம் அதேதான். சத்தம் மட்டும் வேறு. இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பாப்பா பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள்.

"இந்தப் பாப்பா முகம் பாருங்க, என்ன அழகு. ஆனா வாயே திறக்கல. எட்டு டேக். கடைசியில சும்மா உதட்ட மட்டும் அசைம்மான்னு சொல்லி எடுத்தோம்" என்றது ஒரு குரல்.

"சென்னையில வந்து டப்பிங் பேசினவங்களுக்கு நாப்பது வயசு சார். ஒரே டேக்ல முடிச்சுட்டாங்க" என்றது இன்னொன்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குள் பாப்பா போய்விட்டாள்.

"பாத்தீங்களா. இதெல்லாம் போன்ல வராதுங்க. டிஸ்க்குல மட்டுந்தான் இருக்கும்" என்றார் ரங்கன் அண்ணன். அவரும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சனுங்க. சின்னக் கொழந்தைங்களுக்கு எல்லாப் படத்துலயும் அப்படித்தானுங்களே."

"ஆமாங்க" என்றேன்.

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "இருங்க, பெட்டியக் கொண்டாரேன். அதுல வெச்சுக் குடுத்தாத்தான் டிஸ்க் கீறாது" என்று டிஸ்க் அறைக்குள் போனார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அப்போது எனக்குள் கொலை செய்கிற எண்ணம் எதுவும் இல்லை. படத்தை ஒரு தடவை பழைய சத்தத்தோடு, இடையில் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை. ஆடியோவை எப்படி மாற்றினார் என்று பார்த்திருந்தேன். மாற்றினேன். முதலிலிருந்து போட்டேன்.

"அம்மிணி, கதவு சாத்திக்கிச்சுங்க" என்றார் உள்ளேயிருந்து.

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மிணி, மூச்சு வாங்குதுங்க. டீ டம்ளர் பக்கத்துல இன்ஹேலர் இருக்குது பாருங்க" என்றார்.

பார்த்தேன். இருந்தது.

அவர் போன் சோபாவில் கிடந்தது. இரண்டு தடவை அடித்தது. கிருத்திகா என்று வந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தேன். டிவி சத்தத்தைக் கூட்டினேன். நாற்பத்தோராவது நிமிடத்தில், சரியாகப் பாப்பா வாயைத் திறக்கும்போது அவர் கதவைத் தட்டினார். வசனம் காதில் விழவில்லை. பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். மறுபடியும் தட்டினார், ஆனால் மெதுவாக. மூன்றாவது தடவை நன்றாகக் கேட்டது.

இடைவேளைக்கு முன்பே தட்டுவது நின்றுவிட்டது. நான் படத்தை முழுதாகப் பார்த்தேன். இரண்டாம் பாதி நன்றாக இருக்காது. எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவேன். அன்றைக்குப் பார்த்தேன்.

முடிந்ததும் டிஸ்க்கை எடுத்துச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். வளைந்ததே தவிர லேசில் வெட்டுப்படவில்லை. துண்டுகளை மக்காத குப்பையில் போட்டேன். டம்ளர் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தேன். டிஸ்க் அறையைத் திறந்து பார்க்கவில்லை. அதனால் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கிருத்திகா போன் பண்ணிச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்த்தபோதும் அப்படியே இருந்ததால்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்றீர்கள். மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அதைத் திறந்துவிட்டிருப்பேன். ஒன்றே முக்கால் பஸ்ஸில் சேலம் வந்து, நாலு மணிக்கெல்லாம் ஆபீசில் இருந்தேன். ஒரு தானப் பத்திரம் பாக்கி இருந்தது. முடித்துக் கொடுத்தேன்.

கிருத்திகாவை நேற்று ஸ்டேஷன் வராந்தாவில் பார்த்தேன். "எங்கப்பா கடைசியா ஏதாவது பேசினாருங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல நீங்கள் விடவில்லை. அவள் போனில் அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் நிறைய இருக்கும். எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். அந்த வகையில் அவள் கொடுத்துவைத்தவள்.

அந்தப் படம் இப்போது மறுபடியும் போனில் வருகிறது என்று உங்கள் காவலர் அமுதவல்லி சொன்னார். அதில் அந்த இரண்டு பேர் பேசுவது கிடையாதாம். நல்லது.

கொண்டப்பநாயக்கன்பட்டி ரங்கனை அறையில் வைத்துத் தாழிட்டது நான். அவர் மருந்து கேட்டும் கொடுக்காதது நான். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுய நினைவோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

வேலுமணியை விசாரித்தபோது அவர் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதற்கும் பதில் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அவர் சொன்னது உண்மைதான். திருச்செங்கோடு தியேட்டரில், அந்த இடம் வந்ததும் பாப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நான் பேசவே இல்ல. அது என் கொரல் இல்லம்மா" என்றாள். அவளுக்கு எட்டு வயது. தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று அந்த வயதில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் பெற்றவள். அதைத்தான் அன்றைக்கு அவளிடமும் சொன்னேன், அவள் சரியென்று ஒப்புக்கொள்ளும் வரைக்கும் சொன்னேன்.